கொடிமரத்தில் வைத்த காது

மரத்தின் அந்த முனையில் வேலாயுதம் அண்ணன் குந்தியிருந்தார். இந்த முனையில் நான் மண்டியிட்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே இருபத்தைந்து முழத் தேக்கு, அன்று காலைதான் ஆற்றிலிருந்து ஏறியது, தண்ணீர் சொட்டச் சொட்டப் படுத்துக் கிடந்தது.

காதை வைத்தேன். சில்லென்றிருந்தது. ஆற்றோடு பயணம் வந்த எறும்பு ஒன்று என் கன்னத்தைப் பாலமாக்கிக் கரையேறிப் போனது. சேறும் புதுச் செருப்புக்கடையும் கலந்த வாசனை. நனைந்த தேக்கு அப்படித்தான் மணக்கும்.

ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. மூன்று மர மில்களிலும் அறுப்பு வாளை நிறுத்திவிட்டார்கள். மேளக்காரர்கூடக் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டு என்னையே பார்த்தார்.

வேலாயுதம் அண்ணன் ஆணியால் மரத்தின் முகத்தைச் சுரண்டினார். அவர் கை அசைவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன சோமு, கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

இந்தத் தொடரில் நூற்றுக்கணக்கான பத்திகளை வீணடித்திருக்கிறேன். நான் சொன்னவற்றிலேயே அதிகம் சேதம் செய்தது இந்த ஒற்றைச் சொல்தான்.

சிரிக்க வைத்த கதை

சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் பொந்து விழுந்த கொடிமரம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கும். ஆணியால் சுரண்ட வேண்டியவர் சோம்பல்பட்டுக் கல்லால் தட்டிவிட்டு ஊரையே ஏமாற்றிய கதை. அவருக்கு 'ஆணி அண்ணன்' என்று பெயர் வைத்தேன். இல்லாத மீசை ஒன்றை ஒட்டினேன். பக்கத்தில் ஒரு கள்ளுப்பானையும் வைத்தேன். வேலாயுதம் அண்ணன் கள்ளை முகர்ந்துகூடப் பார்க்காதவர்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர், ரயிலில் படித்துச் சிரித்ததில் எதிர் இருக்கைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார் என்று எழுதினார். அந்தக் கடிதத்தை மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு தொலைபேசி.

"ஊலே சோ மோ தானே?"

பர்மியப் பள்ளிக்கூடத்தில் என் பெயரை அப்படித்தான் பதிந்தார்கள். வீட்டில் சோமு, வெளியில் சோ மோ. 'ஊலே' என்றால் மாமா. யாங்கோனில் தலை நரைத்த எவனையும் யாரும் அப்படிக் கூப்பிடலாம் என்பதால் நான் உஷாராகவில்லை.

"நான் வேலாயுதம் மக தீடா பேசுறேன். கட்டைக்கரை வேலாயுதம்."

கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்தேன்.

"நீங்க எழுதினத இங்க எங்க தெருக் கோயில்ல வாசிச்சாங்க, ஊலே. போன்ல வந்திருந்துச்சு. அப்பாவுக்குக் காது கேக்காதுல்ல, அதனால பூசாரி நல்லா சத்தம் போட்டு வாசிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்பா?"

"அப்பாவும் சிரிச்சாரு. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடல."

அவள் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் முகவரியைச் சொன்னாள். யாங்கோனிலேயே தின்கன்ஜூன் பேட்டை, இன்ன தெரு, மாடிக்கு இரும்புப் படி. சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மரத்தூள்மேல் ஓர் ஊர்

போவதற்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். அதற்குள் நீங்கள் கட்டைக்கரையைப் பார்த்துவிடுங்கள். சங்கடமான வீட்டுக்குப் போகிறவன் வழியில் கடைகளை வேடிக்கை பார்ப்பது வழக்கம்தானே.

தன்லியினிலிருந்து கியாக்தான் போகும் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, தெற்கே ஓடையைப் பார்த்து நடக்க வேண்டும். அரசாங்கத் தாளில் அந்த ஊருக்கு வேறு பெயர். கட்டைக்கரை என்பது நம்மவர்கள் வைத்தது. ஆற்றின் மேலிருந்து தெப்பம் தெப்பமாக மிதந்து வரும் தேக்குத் தடிகள் அங்கேதான் கரையேறும்.

முதலில் ஒரு மில், பத்துக் குடிசை. பிறகு மூன்று மில், வேலை நேரத்துக்கு ஊத மூன்று ஆலைச் சங்கு. ஒவ்வொரு சங்குக்கும் ஒரு தேநீர்க்கடை. ஒருவரையொருவர் ஜென்ம விரோதியாகப் பாவித்த இரண்டு முடிதிருத்துவோர். பலகைக் கொட்டகையில் ஒரு வீடியோ ஹால். நடுவே மாரியம்மன் கோயில்.

ஊர் நின்றது சதுப்பில். சதுப்பைத் தூர்க்க மண்ணுக்கு எங்கே போவது? மரத்தூளைக் கொட்டினார்கள். கொட்டக் கொட்டத் தரை உயர்ந்தது, வீடுகள் முளைத்தன. எங்கள் தெருவில் நடந்தால் மெத்தைமேல் நடப்பதுபோல் கால் லேசாக எம்பும். வெளியூர்க்காரர்கள் தடுமாறுவார்கள். எங்களுக்கு அது நடை. யாங்கோன் போய்க் கெட்டியான தரையில் நடந்தால்தான் முட்டி வலிக்கும்.

மோர்க் குழம்பிலும் மரத்தூள் இருக்கும். தலை வாரினால் மரத்தூள் உதிரும். ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் இஞ்சி என்று நினைத்துத் துப்பியது மரத்தூளைத்தான்.

எனக்கு மூன்றாவது மில்லில் வேலை. ஒவ்வொரு தடியின் முனையிலும் சுத்தியால் அடித்த முத்திரை இருக்கும். அதைப் படித்துப் பேரேட்டில் ஏற்றுவது. படித்தவன் என்ற பெயர் எனக்கு வந்தது இப்படித்தான். நான் படித்ததில் பாதி, மரத்தின் பின்பக்கம்.

வேலாயுதம் அண்ணன் தடி பிரிப்பவர். தெப்பம் வந்ததும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எது பலகைக்கு, எது உத்திரத்துக்கு, எது விறகுக்கு என்று ஒரே பார்வையில் சொல்வார். மனைவி பர்மியப் பெண், மா தின். தீமிதியில் முதல் ஆளாகப் பூக்குழி இறங்குவது அண்ணன்தான். அவருக்குப் பின்னால்தான் ஊர் இறங்கும். அவர் இறங்கும்போது மா தின் கண்ணை மூடிக்கொண்டு புத்தருக்கு வேண்டிக்கொள்வாள். ஆபத்துக்கு இரண்டு பேர் இருப்பது நல்லதுதானே என்பாள்.

சாமி மரத்தை இரண்டு முறை கேட்கக் கூடாது

பணம் வந்தால் மனிதன் வீட்டை உயர்த்துவான். ஊருக்குப் பணம் வந்தால் கொடிமரத்தை உயர்த்தும். கட்டைக்கரைக்கும் அந்த ஆசை வந்தது.

தேக்கு வெளியே யோக்கியமாக இருக்கும், உள்ளே பொந்து விழுந்திருக்கும். அறுத்தால்தான் தெரியும். கொடிமரத்தை அறுக்க முடியாது. அதனால் மில்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு முனையை ஆணியால் மெல்லச் சுரண்டுவார். இன்னொருவர் மறுமுனையில் காதை வைப்பார். உள்ளே முழு மரமாக இருந்தால், சுரண்டும் சத்தம் பூனை கதவைப் பிறாண்டுவதுபோல் தெளிவாக வந்து சேரும். பொந்து இருந்தால் நடுவழியில் செத்துப்போகும்.

தட்டக் கூடாது. தட்டினால் சத்தம் மேல்தோலோடு ஓடிவந்து பொந்து மரத்துக்கும் நற்சான்று கொடுத்துவிடும்.

சாதாரண மரத்தை எத்தனை முறையும் சோதிக்கலாம். சாமிக்கு என்று மஞ்சள் பூசிவிட்டால் ஒரே முறைதான். மறுமுறை கேட்டால் சாமியைச் சந்தேகப்பட்டதாகிவிடும். காது வைத்தவன் சொல்வதே தீர்ப்பு.

வழக்கமாகக் காது வைப்பவருக்கு அன்று காய்ச்சல். நான் வைக்கிறேன் என்று முன்னால் போனவன் நானே. யாரும் தள்ளவில்லை. காது வைப்பவருக்கு மாலையும் பட்டுத்துண்டும் உண்டு. வீடியோ ஹால் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கூட்டத்தில் நின்றாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பிறகு முடிதிருத்துவோர் இருவரில் ஒருவரின் மகனைக் கட்டிக்கொண்டாள்.

சத்தம் வராதபோது மரத்தை நான் சந்தேகப்படவே இல்லை. அப்படியொரு தடி அந்த ஓடைக்கு வந்ததே கிடையாது. என் காதைத்தான் சந்தேகப்பட்டேன். சிறுவயதில் ஓடையில் குதித்துக் குதித்துக் காதில் சீழ் வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் செவிட்டுச் சோமு. அந்தப் பட்டத்தை உதிர்க்க எனக்குப் பத்து வருஷம் ஆனது. ஊர் கூடி நிற்கும்போது, மாலை போட ஆள் தயாராக இருக்கும்போது, மறுபடி அதை எடுத்து மாட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

"கேக்குது."

மேளம் முழங்கியது. மூன்று சங்கும் ஒன்றாக ஊதின. வேலாயுதம் அண்ணன் அந்த முனையிலிருந்து ஓடிவந்து என் தோளைத் தட்டினார். "பாத்தியா, கல்லு மாதிரி மரம்!" என்றார்.

ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று

மூன்றாவது மழைக்காலத்தில் கொடிமரம் முறிந்தது. யார்மேலும் விழவில்லை. ஆளுயரத்துக்கு மேலே, செப்புத் தகட்டோடு மடிந்து தேநீர்க்கடைத் தாழ்வாரத்தில் சாய்ந்தது. உள்ளே கை நுழையும் பொந்து. கறுப்புச் சேறும் எறும்புக் கூடும்.

அந்த மாதமே முதல் மில் மூடப்பட்டது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? மேலே காடு தீர்ந்துகொண்டிருந்தது. வருகிற தடிகள் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தன. ஆனால் காடு தீர்ந்ததை எங்களில் யாரும் பார்க்கவில்லை. கொடிமரம் முறிந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். என் அப்பாதான் கமிட்டிச் செயலாளர். என்னையும் வேலாயுதம் அண்ணனையும் நடுவில் நிற்க வைத்தார்கள்.

"சோமு, உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு."

"பொந்து மரத்துல எப்பிடிடா கேக்கும்?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்பா என்னைப் பார்த்தார். கூட்டம் என்னைப் பார்த்தது. நான் கோயில் தூணைப் பார்த்தேன்.

"எனக்குச் சத்தம் வந்துச்சு. அவரு சுரண்டினாரா தட்டினாரான்னு நான் எப்பிடிப் பாக்கிறது? நான் இந்தப் பக்கம்ல இருந்தேன்... தட்டியிருக்கலாம்."

'தட்டியிருக்கலாம்.' வக்கீல்கள் பெருமைப்படும் சொல். நேராகப் பொய்யும் இல்லை, தவறிக்கூட உண்மை அதன் பக்கம் வராது. அவர் கை அசைந்ததை நான் பார்த்தேன் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் மறந்ததே இல்லை.

வேலாயுதம் அண்ணன் என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுரண்டினதாத்தான் எனக்கு ஞாபகம்" என்றார். பிறகு, "ஆனா தம்பி படிச்ச புள்ள. கேட்டுச்சுன்னு சொன்னா கேட்டிருக்கும்."

தீமிதியில் இனி அவர் முதலில் இறங்கக் கூடாது என்று முடிவானது. கடைசியில் இறங்கலாம் என்று பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் இறங்கவே இல்லை. அவர் போகும்போது தேநீர்க்கடைகளில் யாராவது மேசையைத் தட்டுவார்கள். டொக், டொக். அவ்வளவுதான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை அந்த மேசையில் நானும் இருந்தேன். நான் தட்டவில்லை. சிரித்தேன்.

அடுத்த தெப்பம் வருவதற்குள் அவர் மா தின்னையும் கைக்குழந்தையாக இருந்த தீடாவையும் கூட்டிக்கொண்டு தின்கன்ஜூன் போய்விட்டார்.

சாய்ந்த ஊர்

இரண்டாவது மில், மூன்றாவது மில், எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு தடியாக வெளிநாடு அனுப்பக் கூடாது என்று சட்டமும் வந்தது. அதற்குள் எங்களிடம் அனுப்பத் தடியும் இல்லை. பேரேட்டில் ஏற்ற முத்திரை இல்லாததால் நான் எழுத்தாளன் ஆனேன். நஷ்டம் யாருக்கு என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

தீடாவின் அழைப்புக்குப் பிறகு, அவள் வீட்டுக்குப் போகாமல் முதலில் கட்டைக்கரைக்குப் போனேன். கோழைக்கு எப்போதும் ஒரு சுற்றுவழி இருக்கும்.

மரத்தூள் மக்கிவிட்டது. தரை இறங்கியிருக்கிறது. மிச்சமிருக்கும் வீடுகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஊரே எதற்கோ காது வைத்துக் கேட்பதுபோல் நிற்கிறது. முதல் மில் இருந்த இடத்தில் கன்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய பெண்கள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருந்தார்கள். ஒருத்தியிடம் இங்கே கோயில் ஒன்று இருக்குமே என்று பர்மிய மொழியில் கேட்டேன்.

"அந்தப் பக்கம், ஊலே. ஏமாத்துக்காரர் கொடிமரக் கோயில்தானே?"

அவளுக்கு இருபது வயதுகூட இருக்காது. மில் போய்விட்டது, சங்கு போய்விட்டது, முடிதிருத்துவோர் இருவரும் சமாதானமாகாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் பொய் மட்டும் அங்கே உறுதியாக நிற்கிறது. அதில் பொந்தே இல்லை.

இரும்புப் படி

தின்கன்ஜூனில் அன்று மதியம் மின்சாரம் இல்லை. தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. தீடா கதவைத் திறந்தாள். ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியையாம். எங்கள் நாட்டு ஆசிரியைகளின் பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை, சிரிப்பு இல்லை.

வேலாயுதம் அண்ணன் நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். சுருங்கியிருந்தார். வாள் சத்தத்தில் பாதி வாழ்க்கை கழித்தவர்களின் காது இப்படித்தான் போகும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்கு நான் தயாராக வரவில்லை.

"யாரு, சோமுவா? பெரிய எழுத்தாளராமே! உக்காரு, உக்காரு. நல்லா எழுதிருந்தே. மீச நல்லா இருந்துச்சு."

"அண்ணே, அன்னிக்கு எனக்குக் கேக்கல."

"ஆங்?"

"எனக்கு... கேக்கல!"

"எனக்கும்தான் கேக்கல. சத்தமாச் சொல்லு."

எழுந்து அவர் காதருகே குனிந்தேன். அன்று எனக்காக மூன்று மில்களை நிறுத்தினார்கள். இன்று ஒரு ஜெனரேட்டரைக்கூட யாரும் நிறுத்தவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"கொடிமரத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலண்ணே! நீங்க ஒழுங்காத்தான் சுரண்டினீங்க! நான் பாத்தேன்! நான்தான் பொய் சொன்னேன்!"

'நான்தான்' என்ற இடத்தில் மின்சாரம் வந்துவிட்டது. ஜெனரேட்டர்கள் சட்டென்று அடங்கின. கடைசி இரண்டு சொற்கள் இரும்புப் படி இறங்கித் தெருவுக்குப் போயின. எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குச் சரியா புரியல, ஊலே" என்றாள் தீடா. "பர்மியத்துல சொல்லுங்க."

அவளுக்குத் தமிழ் அவ்வளவு போதாதா, அல்லது இன்னொரு தடவை கேட்க விரும்பினாளா, தெரியாது. சொன்னேன். ஒரே பொய்யை இரண்டு மொழிகளில் ஒப்புக்கொண்டபோது ஒன்று புரிந்தது. எந்த மொழியிலும் அதற்கு நல்ல வார்த்தை கிடையாது.

'யாபாதே' என்று ஒரு சொல் உண்டு எங்கள் ஊரில். பரவாயில்லை என்று அர்த்தம். காலை மிதித்தாலும், கடனைத் திருப்பாவிட்டாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும் யாங்கோன்காரர்கள் அந்தக் களிம்பைத் தடவிவிடுவார்கள். நான் காத்திருந்தேன். தீடா அதைச் சொல்லவில்லை.

வேலாயுதம் அண்ணன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கூட்டத்தில் பார்த்த அதே மாதிரி.

"இந்தக் கையத்தான் சந்தேகப்பட்டேன் சோமு" என்றார். "மா தின் சாகறப்போகூடக் கேட்டேன். நெசமா நான் சுரண்டினேனான்னு. அவ அங்க நின்னாள்ல. 'சுரண்டினீங்க'ன்னா. பொண்டாட்டி சொல்றது, ஆறுதலுக்குச் சொல்றான்னு வெச்சுக்கிட்டேன்."

நான் என் காதைச் சந்தேகப்பட்டேன். அவர் தன் கையைச் சந்தேகப்பட்டார். இரண்டு பேருமே மரத்தைச் சந்தேகப்படவில்லை. ஆனால் ஊரிடம் அதை மறைத்தது ஒருவன்தான்.

அவர் மேசையில் கையூன்றி எழுந்தார். அது தேக்கு மேசை. தீடா, "அப்பா, என்ன வேணும்?" என்றாள். அவர் குனிந்து, மேசையின் அந்த விளிம்பில் காதை வைத்தார். என்னைப் பார்த்துக் கையால் சைகை செய்தார். சுரண்டு.

என்னிடம் ஆணி இல்லை. விரல் நகத்தால் சுரண்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். நகத்துக்குள் மெருகு ஏறி எரிந்தது. அவர் அவசரப்படவில்லை. சாமி மரத்தைக் கேட்பதுபோல் கேட்டார்.

பிறகு தலையைத் தூக்கினார்.

"கேக்கல" என்றார்.

அவ்வளவுதான். உட்கார்ந்து, "சாப்பிட்டுப் போ" என்றார்.

தீடா சோறு போட்டாள். நான் உண்டேன். அவரும் உண்டார். விடைபெறும்போது அவள் படிவரை வந்தாள்.

"இதையும் எழுதுங்க, ஊலே. அதே புத்தகத்துல. பூசாரிய வாசிக்கச் சொல்றேன், சத்தமா."

"எழுதுறேன்மா."

"சிரிப்பு வைக்காம எழுதுங்க."

முயன்றேன். மேலே பாருங்கள், பாதிக்கு மேல் தோற்றிருக்கிறேன். பழக்கம் விடவில்லை. அதனால் பூசாரி ஐயா அவர்களே, மேலே உள்ளதையெல்லாம் விட்டுவிடுங்கள். இனி வருவதை மட்டும் சத்தமாக வாசியுங்கள்.

கட்டைக்கரைக் கோயில் கொடிமரத்தை வேலாயுதம் ஆணியால்தான் சுரண்டினார். நான் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.